அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரிட்டர்ன் தாக்கல் செய்யாததற்காக வருமானவரித் துறையிலிருந்து வந்த நோட்டீஸை நீ பார்த்தும் பார்க்காததுபோல் விட்டிருப்பதாக உன் அம்மா சொன்னாள். தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

“டி.டி.எஸ். பிடிச்சுக்கிட்டுத்தானே மாமா பணம் தர்றாங்க, அப்புறம் ரிட்டர்ன் எதுக்கு?” என்று போன வருஷமே கேட்டாய். வரி கட்டுவது வேறு, கணக்குக் கொடுப்பது வேறு. உனக்கு வேலை தருகிறவர்கள் பிடிக்கும் 10 சதவீதம் முன்பணம் மட்டுமே. வருஷம் முழுக்க எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு செலவு போனது என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. இவற்றைச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயமெல்லாம் நீ வாயே திறக்காமல் இருப்பதுதான். பதில் வராவிட்டால் வருமானவரிச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி, கையில் இருக்கிற தகவலை வைத்து அதிகாரியே உன் வருமானத்தை நிர்ணயிப்பார். கணக்கில் வந்த பணம் அவருக்குத் தெரியும். நீ லேப்டாப்புக்கும் உதவிக்கு வைத்த பையனுக்கும் கொடுத்தது அவருக்கு எப்படித் தெரியும்? கூடவே அபராதம்: குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம், பொய்க்கணக்கு என்று போனால் 200.

சிறைத் தண்டனையும் உண்டு. நீ விட்ட வருஷங்களுக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் அது 276சிசி பிரிவு. தப்பிய வரி 25 லட்சத்துக்கு மேல் என்றால் 6 மாதம் முதல் 7 வருஷம், மற்றபடி 3 மாதம் முதல் 2 வருஷம் என்று அதில் இருந்தது. பிடித்தம் போக பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டாத தனிநபர் மேல் இந்த வழக்கு வராது. தாண்டினால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உன் தலையில். ஜெயலலிதா மீதே 1993-94 மதிப்பீட்டு ஆண்டுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்று இந்தப் பிரிவில் வழக்கு நடந்தது. மதிப்பீடு முடியாதது வழக்குக்குத் தடையில்லை என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் துறைக்குச் சமரசத் தொகை கட்டித்தான் அது முடிந்தது. முதலமைச்சராக இருந்தவருக்கே அவ்வளவு அலைச்சல்!

நோட்டீஸ் எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து, உனக்கு இன்னும் வழி இருக்கலாம். புதுப்பித்த ரிட்டர்ன் கொடுக்கும் அவகாசத்தை 2025-இல் இரண்டு வருஷத்திலிருந்து நான்காக நீட்டினார்கள். ஆனால் கூடுதல் வரி உண்டு. முதல் வருஷம் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். ரீஃபண்டு வர வேண்டியிருந்தால் இந்த வழியில் கேட்க முடியாது, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரித் தனியாக மனுப் போட வேண்டும். ஷேரில் போன நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகும் உரிமையும் கெடு தாண்டியதால் போய்விட்டது. அதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை.

முதலில் நோட்டீஸில் எந்தப் பிரிவு, என்ன கெடு என்று பார். வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவம், ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கை இரண்டையும் வருமானவரித் துறையின் தளத்திலிருந்து எடு. பேங்க் ஸ்டேட்மென்ட், செலவு பில் எதையும் விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போ. கட்டணத்துக்குப் பணம் இடித்தால் கூச்சப்படாமல் என்னிடம் கேள். ஆடிட்டரைப் பார்த்த அன்றே எனக்குப் போன் போடு.

அன்புடன்,
மாமா