சூடாக்கும் அலை சுவரையும் அரிக்கும்

அணுக்கரு இணைவு உலைகளில் பிளாஸ்மாவைச் சூடாக்க ரேடியோ அலைகளைப் பாய்ச்சுகிறார்கள். அந்த அலைகள் உள்ளே என்ன செய்யும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். இதைப் பற்றி நிலவும் நான்கு தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்வோம்.

நம்பிக்கை: மைக்ரோவேவ் அடுப்பைப் போல, அலை போகும் இடமெல்லாம் சூடாகும்.

உண்மை: அயனிகள் காந்தப்புலத்தில் வட்டமடிக்கின்றன. அலையின் அதிர்வெண் அந்தச் சுழற்சியோடு ஒத்துப்போகும் இடத்தில்தான் ஆற்றல் கைமாறும். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலையின் நடுவே புலம் 5.3 டெஸ்லா, அங்கே டியூட்டீரியம் அயனி நொடிக்குச் சுமார் 4 கோடி முறை சுற்றும். வெளிப்பக்கம் போகப் போகப் புலம் குறைவதால், இந்த ஒத்திசைவு குறுகிய ஓர் அடுக்கில் மட்டுமே அமைகிறது.

நம்பிக்கை: காந்தப்புலம் பிளாஸ்மாவைப் பிடித்து வைத்திருப்பதால் சுவருக்கு ஆபத்தில்லை.

உண்மை: பிளாஸ்மாவின் விளிம்பு சுவரைத் தொடுகிறது. தொடும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மின்னுறை உருவாகும். எலக்ட்ரான்கள் அயனிகளைவிட வேகமாக ஓடிவிடுவதால், அலையின் ஊசலாடும் மின்புலம் அங்கே நிலையான மின்னழுத்தமாக மாறிவிடும். அது அயனிகளை முடுக்கி டங்ஸ்டன் சுவர்மேல் மோதவைத்து, அதன் அணுக்களைப் பெயர்க்கும். அவை மையத்துக்குள் புகுந்தால், பிளாஸ்மாவின் வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறும். சூடாக்கப் போன அலையே குளிர்ச்சிக்கும் வழிவிடுகிறது.

நம்பிக்கை: பெரிய கணினி இருந்தால் ஒரே நிரலில் எல்லாம் முடிந்துவிடும்.

உண்மை: 40 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெற்றிடத்தில் 7.5 மீட்டர், மின்னுறையோ மில்லிமீட்டருக்கும் கீழே. இவ்வளவு வேறுபட்ட அளவுகளை ஒரே நிரலில் அடக்குவது கடினம். மையத்தில் வெப்பத்தால் வேகமாக ஓடும் துகள்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு டோரிக் போன்ற நிரல்கள் இருக்கின்றன. விளிம்பில், அலையைப் பாய்ச்சும் ஆன்டெனாவின் ஒவ்வொரு வளைவும் முக்கியம். அதற்கு வெளியைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் பெட்ரா-எம் போன்றவை உதவுகின்றன. இரண்டின் விடைகளும் எல்லையில் பிசகாமல் பொருந்த வேண்டும். பெரிய சவால் அதுதான்.

நம்பிக்கை: கணினிக் கணக்கு வெறும் வண்ணப்படம்.

உண்மை: ஜெர்மனியின் கார்ச்சிங்கில் உள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு என்ற டோகாமாக் வகை இணைவுச் சோதனை உலையில், பழைய இரட்டைப்பட்டை ஆன்டெனாக்கள் இயங்கும்போது டங்ஸ்டன் அதிகமாகப் பெயர்ந்தது. ஆன்டெனாவின் சட்டத்தில் தூண்டப்படும் மின்னோட்டங்களைக் கணக்குகள் சுட்டிக்காட்டின. அந்த மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி மூன்று பட்டைகள் கொண்ட ஆன்டெனாவை வடிவமைத்து, 2015-இல் பொருத்தினார்கள். டங்ஸ்டன் வரத்து தெளிவாகக் குறைந்தது.

ஈட்டரின் முதன்மைச் சுவரும் பெரிலியத்துக்குப் பதிலாக டங்ஸ்டனுக்கு மாறுகிறது. பொருத்திய பிறகு ஆன்டெனாவை மாற்றுவது எளிதல்ல. ஆகவே விளிம்பைக் கணக்கிடும் நிரல்களைச் சோதனைகளோடு உரசிப் பார்த்துத் திருத்தும் உழைப்புக்கு, மைய வெப்பநிலைச் சாதனைகளுக்குத் தரும் அதே மதிப்பைத் தந்தே ஆக வேண்டும்.