உதவித்தொகை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி?

மணலூர்பேட்டை வட்டாரத்தில் விவசாயி ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் அவர் மனைவி அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, மலஜலம் கழிக்க உதவி, உடம்பைத் துடைத்து, துணி மாற்றிய பிறகே நடவுக்குச் செல்ல முடியும். நண்பகலில் மீண்டும் ஓடிவர வேண்டும். ஒரே பக்கமாய்ப் படுத்திருந்தால் படுக்கைப் புண் உண்டாகும். இதனால் அவருக்கு அரை நாள் கூலி தினந்தோறும் போகிறது. இத்தகைய குடும்பத்திற்கென ஏற்பட்டதே பராமரிப்பு உதவித்தொகை. விண்ணப்பித்தும் அது மறுக்கப்பட்டால், "சர்க்கார் இல்லை என்று சொல்லிவிட்டது" என்று வீட்டிலே அமர்ந்துவிடுவோர் பலர். அவ்வாறு அமர வேண்டியதில்லை என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் அறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வுதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு ஊனம் 75 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமடைந்த நிலை ஆகியவற்றிற்கு 40 விழுக்காடு போதுமானது. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைச் சேர வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால், இதற்காக விழுப்புரம் வரை செல்லும் சிரமம் நம்மவர்க்கு நீங்கியது.

மறுப்பு இரு வகைப்படும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எழுதப்படும் மனுக்கள் ஊர் ஊராய்ச் சுற்றி வருகின்றன. முதல் வகை, மருத்துவச் சான்றில் விழுக்காடு குறைவாக எழுதப்பட்டது. இரண்டாம் வகை, சான்று சரியாக இருந்தும் அலுவலகம் தொகையை மறுத்தது.

முதல் வகைக்கு வழி, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவினால் பாதிக்கப்பட்டவர், மாநில அரசு குறித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம், விதித்த கெடுவுக்குள் முறையிடலாம். ஆகையால் முடிவு கைக்கு வந்த தேதியைச் சான்றின் நகலிலேயே குறித்துவைத்து, அந்த வாரத்திலேயே நல அலுவலகத்தில் கெடுவைக் கேட்டறிக. சான்றே மறுக்கப்பட்டிருப்பின், அதன் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது மருத்துவ அதிகாரியின் கடமை. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட காரணத்தின்மேல் மேல்முறையீடு எழுதுவது கடினம்.

இரண்டாம் வகையில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெறுக. மறுப்புக்குக் காரணம் எழுதப்படவில்லையெனில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் கோப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதன்பின்னும் தீராவிடில் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுக. அவர் செய்யும் பரிந்துரையின்மேல் எடுத்த நடவடிக்கையை, சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்திற்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் தேவைப்படின், மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம்.

இனி மிக முக்கியமான விஷயத்திற்கு வருவோம். விழுக்காடு என்பது உடலுறுப்பின் குறைவை அளப்பது. பிறர் கை எவ்வளவு வேண்டும் என்பதை அது அளப்பதில்லை. இதற்காகவே மேற்படி சட்டத்தின் 38ஆம் பிரிவு வேறொரு வாயிலைத் திறந்துள்ளது. ஊனம் 40 விழுக்காடு உள்ள எவரும், தமக்கு உயர் ஆதரவு தேவை என்று கருதினால் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் மற்றொருவரோ ஒரு அமைப்போ விண்ணப்பிப்பதும் செல்லும். மதிப்பீட்டு வாரியம் ஆராய்ந்து தேவையைச் சான்றளிக்கும்.

வாரியத்தின் முன் நம் மக்கள் தோற்பது பெரும்பாலும் மானத்தினால். "தானே குளிப்பாரா?" என்று மருத்துவர் கேட்டால், நாலு பேர் முன்னிலையில் கணவனை விட்டுக்கொடுக்க மனமின்றி, "எல்லாம் அவரே செய்துகொள்வார்" என்று மனைவி சொல்லிவிடுகிறாள். அப்படியே பதிவாகிறது. ஆகையால் போகுமுன் ஒரு வாரத்திற்குக் குறிப்பேடு எழுதுக. எத்தனை மணிக்குப் புரட்டினோம், இரவில் எத்தனை முறை எழுந்தோம், சோறு ஊட்டினோமா, குளிக்க எத்தனை பேர் தூக்கினோம், விழுந்தது எப்போது என்பனவற்றை நாள்வாரியாக எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். மோசமான நாளையும் எழுதுக. நல்ல நாளையும் மறைக்க வேண்டாம்.

எது பராமரிப்பு என்ற கேள்வி பிற நாடுகளிலும் எழுந்ததே. பிரிட்டனில் 1971இல் உதவியாளர் படி ஏற்பட்டது. பார்வையற்ற ஒருவருக்குத் தெருவில் வழி சொல்லிக் கூட்டிச் செல்வது உதவியாகுமா என்ற வழக்கில், பார்த்தலும் உடலின் தொழிலே, வாய்ச்சொல்லால் வழிநடத்துவதும் உதவியே என்று 1994இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தூக்குவதும் துடைப்பதும் மட்டுமன்றி, அருகிலிருந்து எச்சரிப்பதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பதை அதனின்று கற்கலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய ஒரு வழக்கில், விழுக்காட்டை மட்டும் கொண்டு ஒருவரைத் தள்ளலாகாது, வாரியம் காரணம் கூற வேண்டும் என்று உரைத்துள்ளது.

மேல்முறையீட்டு மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. மறுப்பு உத்தரவின் எண்ணும் தேதியும், அதில் கூறிய காரணமும், அக்காரணம் ஏன் பொருந்தாது என்பதும் ஒரு பக்கத்தில் அடங்கும். சான்று, அடையாள அட்டை, மருத்துவமனைச் சீட்டுகள், குறிப்பேடு ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மூலங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்க. தபாலில் அனுப்பினால் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலே நன்று.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள சிற்றூர்களிலிருந்து படுக்கையாளி ஒருவரைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவருவது எளிதன்று. அவ்வூர்களின் உறுப்பினர்கள் வாரிய நாளை முன்கூட்டியே விசாரித்து, இரண்டு மூன்று குடும்பங்களை ஒரே வண்டியில் அழைத்து வருவது நலம். மாற்றுத் துணியும், குடிநீரும், பகல் உணவும் உடன் எடுத்துக்கொள்க. தினமும் பராமரிப்பவரே கூட வரட்டும், ஏனெனில் வாரியத்தின் கேள்விகளுக்கு அவரே சரியான விடை சொல்லக் கூடியவர்.