வண்டிக்கு வலியில்லை
(பழைய டீசல் பிக்கப் வண்டியின் இழுவைக் குறைவு பற்றிய ஒரு பாடம்)



கேரளத்துக்கு வந்து குடியேறிய புதிதில், "வண்டிக்கு வலியில்ல" என்று மலையாள மெக்கானிக் சொன்னதைக் கேட்டு, "வண்டிக்கு ஏன் வலிக்கிறது?" என்று திகைத்தவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் 'வலி' என்பது இழுவையை. நம் பழந்தமிழிலும் வலி என்றால் வலிமைதான். திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. ஆகவே இந்தப் பாடத்தை நம் வண்டியின் வலியறிதல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நம் மக்களில் பலருக்குப் பிக்கப் வண்டிதான் சோறு போடுகிறது. காய்கறி, பலசரக்கு, கட்டுமானப் பொருள், கல்யாணச் சமையல் பாத்திரம் என்று எல்லாவற்றையும் அது சுமக்கிறது. டாடா 207, பொலேரோ பிக்கப் ஆகியவற்றின் பழைய மாடல்கள் இன்றும் மலைப்பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு வண்டி பொன்முடி ஏற்றத்தில் திணறினால், "பம்ப்பைக் கழற்ற வேண்டும்" என்பதே பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை. அதற்கு ஒரு மாத வருமானம் போய்விடும். பம்ப்பைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை பல. அவற்றில் பாதிக்குக் காசே செலவில்லை.

இங்கே சொல்பவை, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத, பழைய வகை டீசல் பம்ப் உள்ள வண்டிகளுக்கு உரியவை. 'காமன் ரெயில்' எஞ்சின்களுக்கும், 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளுக்கும் ஸ்கேனர் கருவி வைத்தே சோதனையைத் தொடங்க வேண்டும்.

1. எவ்வளவு திறன் தேவை?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு வரை எஞ்சினுக்குப் பெரிய சிரமம் இல்லை. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலில் பல்சக்கரப் பாதை தொடங்கும் நிலையத்தின் பெயரும் கல்லாறுதான். அங்கே மிகச் செங்குத்தான சாய்வு ஏறத்தாழ 12-க்கு 1. நம் கணக்குக்கும் அதே சாய்வை எடுத்துக்கொள்வோம்.

சரக்கோடு வண்டியின் எடை 3,000 கிலோ என்க. 12-க்கு 1 ஏற்றத்தில் பின்னோக்கி இழுக்கும் விசை 3,000 ÷ 12 = 250 கிலோ. சக்கரம் உருள்வதற்கான தடை சுமார் 45 கிலோ. மொத்தம் ஏறத்தாழ 300 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 5.5 மீட்டர். ஒரு குதிரைத் திறன் என்பது விநாடிக்கு 75 கிலோ-மீட்டர் வேலை. எனவே 300 × 5.5 ÷ 75 = 22 குதிரைத் திறன் சக்கரத்தில் வேண்டும். கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் எஞ்சின் 26 கொடுக்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் 39.

அதே வண்டி சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, 10 குதிரைத் திறனே போதும். 60 குதிரைத் திறன் எஞ்சின் பாதி பலம் இழந்து 30-க்கு வந்துவிட்டாலும் நெடுமங்காட்டுச் சாலையில் யாருக்கும் தெரியாது. கல்லாறு தாண்டியதும்தான் தெரியும். அதனால் கோளாறு மலையில் உண்டானது என்று எண்ணக் கூடாது. ஏற்கெனவே இருந்த கோளாறை மலை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு பலம் குறைவது இயற்கை. டர்போ உள்ளதில் இந்தக் குறைவு பெரிதும் ஈடாகிவிடும். பத்தில் ஒன்று குறைந்தால் அது கோளாறு அல்ல. பாதி குறைந்தால் கோளாறு.

2. புகை சொல்லும் செய்தி

ரயில்வேயில் டீசல் லோகோவைச் சோதிக்க 'லோடு பாக்ஸ்' என்ற மின்தடை அமைப்பு உண்டு. 2,600 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினை நின்ற இடத்திலேயே முழுச் சுமையில் ஓட்டி, ஒவ்வொரு நாட்சிலும் எவ்வளவு திறன் தருகிறது என்று அளந்து எழுதியிருக்கிறோம். அளவுமானியைப் பார்க்கும் முன்பே அனுபவசாலிகள் புகைபோக்கியைப் பார்ப்பார்கள். பிக்கப் வண்டிக்கும் அதே பழக்கம் உதவும்.

கரும்புகை: டீசலுக்குத் தக்க காற்று இல்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் கிழிசல், சரியாகத் தூவாத இன்ஜெக்டர், அளவுக்கு மீறிய சுமை ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

வெண்புகை: டீசல் சரியாக எரியவில்லை. காலைக் குளிரில் சிறிது நேரம் வருவது இயல்பு. சூடான பின்னும் நீடித்தால் டைமிங் பிசகு, கம்ப்ரெஷன் குறைவு, ஒழுகும் இன்ஜெக்டர் என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலப்புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது.

புகையே இல்லை, பலமும் இல்லை: பெரும்பாலும் டீசல் போதவில்லை. அல்லது கோளாறு எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது. செலவு குறைவான கோளாறுகள் அதிகம் இருப்பது இந்த நான்காவது வகையில்தான்.

3. சோதனை வரிசை

எளியது முதலில், கடினமானது கடைசியில். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மூன்றுக்கும் மீண்டும் காசு கொடுப்போம்.

முதற்படி, சக்கரம். டயர் காற்றழுத்தம் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரக் குடத்தருகே கையை நீட்டுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி, கிளட்ச். ஏற்றத்தில் மேல் கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் உயரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாம் படி, ஆக்சிலேட்டர். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலை முழுதும் மிதிக்க, மற்றவர் பம்ப்பின் லீவர் கடைசி வரை போய் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் தளர்ந்தாலோ, பெடலுக்கு அடியில் மிதியடி மடிந்து கிடந்தாலோ முட்டாது. ஒரு நிமிட வேலை.

நான்காம் படி, காற்று. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாய்களை விரலால் அழுத்திக் கிழிசல் தேடுங்கள். டர்போ வண்டியில் குழாய் இணைப்புகளைச் சுற்றி எண்ணெய் ஈரமும், சுமையில் 'உஸ்' என்ற சத்தமும் கசிவின் அடையாளம். சைலன்சர் நசுங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி, டீசல் வரும் வழி. டேங்க் மூடி, டேங்கின் உள்ளே இருக்கும் சல்லடை, உறிஞ்சும் குழாய், தண்ணீர் பிரிப்பான், ஃபீட் பம்ப்பின் சிறு வலை, ஃபில்டர் என்று இந்த வரிசையில் போக வேண்டும். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே இருக்கலாம். காற்று உள்ளே போகும். ஆகவே தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும் தெளிவான குழாயை இடையில் மாட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும்.

இவற்றில் ஒன்றும் அகப்படாவிட்டால்தான் டேப்பட் இடைவெளி, கம்ப்ரெஷன், இன்ஜெக்டர், டைமிங், கடைசியாகப் பம்ப். இவை பட்டறை வேலை. ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

4. ஒரு நேரடி உதாரணம்

சில ஆண்டுகளுக்கு முன், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து நெடுமங்காட்டில் குடியிருக்கும் ஒருவர் தம் பிக்கப் வண்டியுடன் என்னிடம் வந்தார். வாரம் இரண்டு முறை பொன்முடிக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். பத்தாவது வளைவுக்கு மேல் வண்டி சோர்ந்துவிடுகிறது. கால் மணி நேரம் நிறுத்தினால் மறுபடி ஏறுகிறது. ஒரு பட்டறையில் பம்ப் வேலைக்கு 20,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது.

"புகை எப்படி?" என்று கேட்டேன்.

"புகையே இல்ல சார். டேங்க்கு நிறைய டீசல் அடிச்ச நாள்லதான் இந்தத் தொல்லை. கொஞ்சமா அடிச்சா சுகமா ஏறுது. டீசல் பாரமா இருக்குமோ?"

முப்பது கிலோ டீசல் மூன்று டன் வண்டிக்கு ஒரு பாரமல்ல. ஆனால் அவர் கவனித்துச் சொன்ன அந்த ஒரு செய்தி பெரிய துப்பு. பம்ப் தேய்ந்திருந்தால் டேங்க் நிறைந்திருக்கிறதா, காலியா என்று அதற்குத் தெரியாது. இங்கே வேறுபாடு டேங்கில் இருக்கிறது.

டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை உண்டு. துளை அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகும். நிறைந்த டேங்கில் மேலே 10 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். நெடுமங்காட்டில் நிரப்பிப் பாதி மலை ஏறுவதற்குள் 3 லிட்டர் டீசல் செலவானால், அதே காற்று 13 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். ஃபீட் பம்ப் உறிஞ்சத் திணறும். டேங்கில் ஏற்கெனவே 30 லிட்டர் காற்று இருந்தால் அது 33 ஆகும். குறைவது பதினொன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் டீசல் குறைந்த நாளில் தொல்லை இல்லை. வண்டியை நிறுத்தினால் மூடியின் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். கால் மணி நேர ஓய்வின் இரகசியம் அதுவே.

முதல் மூன்று படிகளையும் முடித்துவிட்டு, சரக்குடன் ஓட்டிச் சென்று, வண்டி சோரத் தொடங்கிய இடத்தில் ஓரமாக நிறுத்தி, கல் வைத்து, மூடியைத் திறக்கச் சொன்னேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. உடனே புறப்பட்டோம். கால் மணி நேரம் காத்திருக்கவில்லை. வண்டி ஏறியது. சாவி தொலைந்தபோது வாங்கிப் போட்ட, வேறு வண்டிக்கான மூடி அது. அதில் துளையே இல்லை. சரியான மூடி மாட்டினார். பம்ப் கழற்றப்படவில்லை.

மூடியைத் திறந்த பிறகும் சோர்வு தீராமல் இருந்திருந்தால் அடுத்த சந்தேகம் டேங்கின் அடிச் சல்லடை. ஓடும்போது கசடு அதில் ஒட்டி அடைக்கும். நிறுத்தினால் உதிரும். அறிகுறி இரண்டுக்கும் ஒன்று போலவே தோன்றும். மூடிச் சோதனை ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

5. செய்யக் கூடாதவை

இழுவை போதவில்லை என்று பம்ப்பின் உச்ச அளவு திருகாணியைத் திருப்பி டீசலைக் கூட்டுவது சிலர் வழக்கம். முத்திரை வைத்த திருகாணி அது. கூட்டினால் கரும்புகையும் வெப்பமும் ஏறி பிஸ்டனையே கெடுத்துவிடும். புகைச் சோதனையிலும் வண்டி தேறாது.

மூடியைத் தளர்த்தி வைத்தே நாட்களை ஓட்டக் கூடாது. வளைவில் டீசல் சிந்தினால் பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுவார்.

ஏற்றத்தில் இழுவை போன வண்டி, நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி உருளும் வண்டியும் ஆகலாம். சந்தேகம் இருக்கும்போது முழுச் சுமையுடன் மலை ஏறாதீர்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

6. உங்கள் சொந்த லோடு பாக்ஸ்

வண்டி நன்றாக இருக்கும் நாளில், வழக்கமான ஓர் ஏற்றத்தை, வழக்கமான சுமையுடன், ஒரே கியரில் ஏறி எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் கடிகாரம் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதையே திரும்பச் செய்யுங்கள். 60 விநாடி 75 ஆகிவிட்டால் வண்டி நிற்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஃபில்டர் மாற்றிய தேதி, டீசல் போட்ட அளவு, புகையின் நிறம் ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். நல்ல மெக்கானிக் அந்த நோட்டைப் பார்த்தால் பாதி வேலை முடிந்ததாக மகிழ்வார்.

பயிற்சி வினாக்கள் (வீட்டில் பிள்ளைகளும் முயலலாம்)

1. 3,600 கிலோ எடையுள்ள வண்டி 12-க்கு 1 ஏற்றத்தில் நிற்கிறது. பின்னோக்கி இழுக்கும் விசை என்ன?

2. ஏற்றத்தில் கரும்புகையுடன் இழுவை குறைகிறது. முதலில் டேங்க் மூடியைப் பார்ப்பீர்களா, ஏர் ஃபில்டரைப் பார்ப்பீர்களா? ஏன்?

3. வண்டி சமதரையில் நன்றாக ஓடுகிறது என்பதால் எஞ்சினில் குறையில்லை என்று சொல்லலாமா?

விடைகள்: (1) 300 கிலோ. (2) ஏர் ஃபில்டர். கரும்புகை காற்றுப் பற்றாக்குறையைக் காட்டுகிறது, டீசல் பற்றாக்குறையை அல்ல. (3) சொல்ல முடியாது. சமதரைக்கு எஞ்சின் பலத்தில் சிறு பகுதியே போதும்.