பவர் டில்லருக்கு வாரம் ஒரு காலைப்பொழுது

மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும் என்று ஊரே அவசரப்படும் நாளில்தான் பவர் டில்லர் கிளம்பாமல் அடம் பிடிக்கும். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் ஈரம் போய்விடும். இப்படி நிற்கும் இயந்திரங்களில் பலவற்றுக்குப் பெரிய கோளாறு எதுவும் இருப்பதில்லை. தூசி, தண்ணீர், டீசல் குழாயில் புகுந்த காற்று, தளர்ந்த பெல்ட் ஆகியவையே காரணம். உழவு மாட்டின் லாடத்தையும் கழுத்துப் புண்ணையும் தவறாமல் கவனித்தவர்கள் நாம். அதே கவனத்தை வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் இயந்திரத்துக்கும் கொடுத்தால் போதும். ஒரு ஸ்பேனர் செட், திருப்புளி, பழைய துணி, மண்ணெண்ணெய் ஊற்ற ஒரு தட்டு ஆகியவை இருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே இதைச் செய்யலாம்.

காற்று வடிகட்டி

முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் 1000 முறை காற்றை உறிஞ்சும். சிலிண்டரின் கொள்ளளவு அரை லிட்டர் என்றே வைத்துக் கொண்டாலும், மணிக்குச் சுமார் 30,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. புழுதி உழவில் அந்தக் காற்றோடு மண்ணும் போகும். அந்த மண் ஆயிலோடு கலந்து, சாணைக்கல் போல லைனரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும்.

எண்ணெய்த் தொட்டி உள்ள வடிகட்டியானால், கிண்ணத்தைக் கழற்றிப் பழைய ஆயிலைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் கம்பி வலையையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு கோடு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்குக் குறைந்தால் தூசி படியாது. மிகுந்தால் ஆயில் என்ஜினுக்குள் இழுக்கப்படும். வடிகட்டியை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை. புழுதி உழவு நடக்கும் நாட்களில் இதைத் தினமும் பார்ப்பது நல்லது.

என்ஜின் ஆயில்

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். ஆயில் இரு கோடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். டீசல் என்ஜினில் ஆயில் விரைவில் கறுப்பது இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் மாற்றும்போது என்ஜினைச் சிறிது ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடும் சேர்ந்து வெளியேறும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது.

டீசல்

டாங்கியை இரவில் காலியாக விட்டால் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிவிடும். ஆகவே வேலை முடிந்த மாலையிலேயே, வடிகட்டி டீசலை நிரப்பி வையுங்கள். டீசல் தீர்ந்து என்ஜின் நின்றுவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். டாங்கியை நிரப்பிய பிறகு, முதலில் டீசல் வடிகட்டியில் உள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள திருகையும் அவ்வாறே செய்யுங்கள்.

பெல்ட்

என்ஜினை அணைத்த பின், இரு கப்பிகளுக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதுவாக ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அமிழ்ந்தால் சரி. தளர்ந்த பெல்ட் வழுக்கும். அதிகமாக இறுக்கினால் பேரிங் தேயும். ஒரு பெல்ட் அறுந்தாலும் முழு செட்டையும் மாற்றுவதே நலம். புதியதும் பழையதும் சேர்ந்தால் பாரம் முழுவதும் புதியதன்மேல் விழும்.

புகை சொல்லும் சேதி

கரும்புகை: வடிகட்டி அடைப்பு அல்லது அதிகப் பாரம். நீலப் புகை: ஆயில் எரிகிறது, வளையம் தேய்ந்திருக்கலாம். கிளம்பும்போது சற்று வெண்புகை வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது.

உயிருக்கு ஆபத்தானவை

1. மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டாதீர்கள். புகையில் உள்ள நச்சுக் காற்று ஆளைக் கொல்லும்.

2. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கெட்டியான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். செங்கல் நொறுங்கிவிடும்.

3. கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். கைப்பிடி திருப்பி அடித்தால் விரல் தப்பும்.

4. கத்தியில் சுற்றிய வைக்கோலை எடுக்குமுன் என்ஜினை அணையுங்கள். தோளில் துண்டு, தொங்கும் வேட்டியோடு பெல்ட் அருகே போகாதீர்கள்.

5. நாசிலில் கசிவா என்று விரல் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அப்படி நேர்ந்தால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

6. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

டீசல் பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அவற்றின் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தை விட மிகக் குறைவு. ஒரு மண் துகள் பட்டாலும் கெட்டுவிடும். அதற்கென உள்ள பட்டறைக்கே கொண்டு போங்கள்.

கடைசியாக, பழைய நோட்டு ஒன்றைக் கொட்டகையில் தொங்கவிட்டு, ஓடிய மணி, ஆயில் மாற்றிய தேதி, செலவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஆயிலை எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் பார்த்து முதல் பக்கத்தில் குறித்துக் கொள்ளுங்கள். மெக்கானிக் வந்தாலும் அந்த நோட்டைப் பார்த்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்.