துண்டு விழுந்த கணக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வேலையில் சேர்ந்த செய்தியை உன் அப்பா சொன்னான். வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் மென்பொருள் செய்து தரும் கம்பெனி, அதில் புகார்களைக் கவனிக்கும் சப்போர்ட் பிரிவு என்றான். போனில் பேசும்போது நீயும் சொன்னாய்: "வர்ற கம்ப்ளெயின்ட்ல முக்கால்வாசி யூசர் பண்ற தப்புதான் பெரியப்பா. சிஸ்டம் தப்புப் பண்ணாது." அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கிலாந்துத் தபால் துறையில் நடந்த அநியாயத்தை அந்தப் பழக்கத்தால்தான் விடாமல் படித்துவந்தேன். உன் வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கே சின்ன ஊர்களில் தபால் அலுவலகம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள். சொந்தமாக ஒரு மளிகைக் கடையோ பேப்பர் கடையோ இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் தபால் கவுண்ட்டர். ஊர்க்காரர்களுக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. 1999 முதல் அந்த அலுவலகங்களில் ஹொரைஸன் என்ற கணினி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். செய்தது ஐ.சி.எல் நிறுவனம், அது ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமானது. அதன்பிறகு பல ஊர்களில் கணக்கு முடிக்கும் நேரத்தில் துண்டு விழ ஆரம்பித்தது. கல்லாவில் இருக்கும் பணம் ஒன்று, திரையில் காட்டும் தொகை வேறொன்று.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் கடை நடத்திய ஜோ ஹாமில்டனுக்கு ஒருநாள் 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணுக்கு போன் செய்து, அவர்கள் சொன்னபடியே செய்தார். அவர் கண்முன்னே குறை 4,000 பவுண்டாக ஆனது. ஒப்பந்தப்படி குறையை அவர்தான் கட்ட வேண்டும் என்றார்கள். கடைசியில் அது 36,000 பவுண்டுக்கு வந்து நின்றது. திருட்டு வழக்கைக் கைவிட வைப்பதற்காக, பொய்க்கணக்கு எழுதியதாக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செய்யாத குற்றம். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், நீதிமன்றத்துக்கும் திரண்டு வந்தார்கள். அவரை அறிந்தவர்கள் ஒருவரும் திரையை நம்பவில்லை.

சர்ரேயில் தபால் அலுவலகம் நடத்திய இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் சிறைக்குப் போனார். அப்போது அவர் கர்ப்பிணி. தண்டனை சொன்ன நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்.

இப்படி 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலான வழக்குகளைத் தபால் நிறுவனமே நேரடியாகத் தொடுத்தது. பணம் போய்விட்டது என்று புகார் சொன்னதும் அவர்கள், விசாரித்ததும் அவர்கள், நீதிமன்றத்தில் குற்றம்சாட்டியதும் அவர்கள். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களில் பலர் கேட்ட பதில் ஒன்றே: இப்படிச் சொல்கிறவர் நீங்கள் ஒருவர்தான். கயல், இந்தப் பதிலைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒவ்வொருவரும் தனியாளாக்கப்பட்டார்கள். வெட்கத்தில் வெளியே சொல்லாமல் வீட்டை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு, திவாலானவர்கள் உண்டு. 13 பேராவது இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. விசாரணையை நடத்தியவர் ஓய்வுபெற்ற நீதிபதி வின் வில்லியம்ஸ்.

கையால் கணக்கு எழுதிய காலத்தில் எங்களுக்கும் துண்டு விழும். பத்து ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஆனால் பேரேட்டைப் புரட்டி, வரி வரியாகக் கூட்டி, எந்த இடத்தில் 6 என்பது 9 ஆனது என்று கண்டுபிடிக்க முடியும். தப்பு யாருடைய கையெழுத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஹொரைஸனில் அந்த மக்களுக்குப் பேரேடே காட்டப்படவில்லை. உள்ளே பதிவான முழு விவரத்தை எடுக்க ஃபுஜிட்சுவிடம் கேட்க வேண்டும். அதற்கும் ஆண்டுக்கு இத்தனைதான் என்று ஒப்பந்தத்தில் வரம்பு இருந்தது. தன்மேல் பழி சுமத்தும் கணக்கைப் படித்துப் பார்க்கவே ஒருவருக்கு உரிமை இல்லையென்றால் அவர் எதை வைத்து வாதாடுவார்?

உன்னைப் போன்ற பொறியாளர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதற்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதவே காரணம் அதுதான். மென்பொருளை எழுதிய காலத்திலேயே அதன் ரொக்கக் கணக்குப் பகுதி மோசமாக இருக்கிறது, திருப்பி எழுத வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள். டேவிட் மெக்டானல் என்ற பொறியாளர் இதை விசாரணையில் சாட்சியமாகவே சொன்னார். மேலிடம் திருப்பி எழுதவில்லை, ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ரிச்சர்ட் ரோல் என்பவர் உன்னைப் போலவே சப்போர்ட் பிரிவில், ஃபுஜிட்சுவில் வேலை பார்த்தவர். கிளைகளின் கணக்குக்குள் தூரத்திலிருந்தே நுழைந்து பதிவுகளை மாற்ற முடியும், கிளையை நடத்துபவருக்கு அது தெரியாமலே நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து யாரும் கணக்கைத் தொட முடியாது என்றுதான் தபால் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. ரோல் 2015-இல் பி.பி.சி-யின் பனோரமா நிகழ்ச்சியில் உண்மையைச் சொன்னார், பிறகு நீதிமன்றத்திலும் சொன்னார். அந்தச் சாட்சியம் வழக்கின் போக்கையே மாற்றியது. எத்தனையோ பேருக்குத் தெரிந்திருந்த ஒன்றை ஒரே ஒருவர் வெளியே சொல்ல அவ்வளவு காலம் ஆனது.

போராடி வென்றவர் ஆலன் பேட்ஸ். வேல்ஸில் லாண்டட்னோ என்ற ஊரில் தபால் அலுவலகம் நடத்தியவர். குறையைத் தன் கடனாக ஏற்க மறுத்ததால் 2003-இல் ஒப்பந்தத்தை இழந்தார். மற்றவர்களைத் தேடிப் பிடித்து, 2009-இல் ஃபென்னி காம்ப்டன் என்ற ஊரின் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார். அங்கே முதன்முறையாக ஒருவரையொருவர் பார்த்தபோதுதான் தாங்கள் தனியாள் இல்லை என்பது பலருக்குத் தெரிந்தது. 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஹொரைஸனில் பிழைகள் இருந்தன, கணக்கில் குறைகளை உண்டாக்கவும் செய்தன என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். ஹாமில்டன், மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனையை 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

இதில் அரசியலும் இருக்கிறது. நீ அரசியல் வேண்டாம் என்பாய், எனக்குத் தெரியும். அந்தத் தபால் நிறுவனம் முழுக்க அரசுக்குச் சொந்தம். தொழிற்கட்சி ஆண்டது, கூட்டணி ஆண்டது, கன்சர்வேடிவ் கட்சி ஆண்டது. அன்றாட நிர்வாகத்தில் அரசு தலையிடாது என்ற பதில் மட்டும் மாறவே இல்லை. 2010-இல் பொறுப்பு அமைச்சராக இருந்த எட் டேவி, பேட்ஸைச் சந்திக்க முதலில் மறுத்தார், பிறகுதான் சந்தித்தார். 2024 ஜனவரியில் ஐ.டி.வி-யில் இந்தக் கதை தொடராக வந்து நாடே கொதித்த பிறகு, மே மாதத்துக்குள் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் சட்டம் நிறைவேறிவிட்டது. சில மாதங்களில் முடியக்கூடிய வேலைக்கு இருபது ஆண்டுகள் காத்திருக்க வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆட்சியாளருக்கு இயந்திரம் வசதியான ஆள். அது சொன்னது என்று கைகாட்டிவிட்டால் முடிவெடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

சீமைக் கதை நமக்கு எதற்கு என்று எண்ணாதே. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 முதல் விரல்ரேகை வைக்கிறோம். களை பறித்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்த கைகளை இயந்திரம் ஏற்காத நாட்கள் உண்டு. அதற்கு மாற்றுவழிகள் விதியில் இருக்கின்றன. ஆனால் திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவது கடைக்காரருக்குச் சுலபம். வயதான அம்மா தன் கையைத்தான் நொந்துகொண்டு திரும்புவாள். உங்கள் அலுவலகத்தில் அது ஒரு தோல்விப் பதிவாகக்கூட விழாமல் போகலாம்.

சட்டத்திலும் ஒன்று சொல்கிறேன். கணினி சரியாகவே இயங்கியது என்று முதலிலேயே கொள்ளலாம் என்பது இங்கிலாந்தில் ஹொரைஸன் காலத்து விதி. தப்பு என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நம் நாட்டில் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பொறுப்பில் இருப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். நாலைந்து வருடத்தில் அந்தக் காகிதம் உன் மேஜைக்கே வரலாம். கருவி முறையாக இயங்கியது என்று எழுதியிருக்கும். உனக்குத் தெரிந்த பிழை ஒன்று பட்டியலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அதில் கையெழுத்துப் போடாதே. வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. உனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஒரு நிலை வந்தால் என்னிடமும் உன் அப்பாவிடமும் சொல். நாங்கள் இருக்கிறோம்.

புகார் கொடுப்பவருக்கு உன் தொழில்மொழி தெரியாது. "பணம் காணோம்", "மிஷின் எடுக்கல" என்றுதான் சொல்லுவார். சொல்லத் தெரியாததால் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. அவர் கணக்கின் முழு விவரத்தை அவர் கேட்டால் கிடைக்கும்படி உங்கள் அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் அதைக் கேட்டு வாங்குவதுதான் நீ அங்கே செய்ய வேண்டிய பெரிய வேலை.

வேறு வேறு ஊர்களிலிருந்து ஒரே மாதிரிப் புகார் வந்தால், தனித்தனியாக மூடிவிடாதே. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, தேதி போட்டு, உன் பெயரில் மேலதிகாரிக்கு எழுது. பதில் வராவிட்டால் மறுபடி எழுது. யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும், "நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொல்றீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா.

அன்புடன்,
பெரியப்பா