ஒப்பந்தத்தில் உன் பக்கம் எது?

அன்புள்ள அம்மணிக்கு,

எம்.காம். சேர்ந்து முதல் செமஸ்டர் பாதிகூட முடியவில்லை. அதற்குள் நீ கேட்டிருக்கும் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. "ஃபார்வர்டு, ஆப்ஷன் என்று போர்டு முழுக்க வரைகிறார்கள் மாமா, நம்மூர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தார்கள், அம்மணி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பலர் கையெழுத்தும் போட்டார்கள். அப்போது உனக்கு விவரம் தெரியாத வயது.

2007 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 44 ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் 40-க்கும் கீழே இறங்கிவிட்டது. பையர் விலையை டாலரில் முடித்துவிடுகிறார்; நூல், சாயக்கூலி, தையல்கூலி எல்லாம் ரூபாயில். ஒரு லட்சம் டாலர் ஆர்டரை 44-இல் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டவருக்கு, பணம் வரும் நாளில் டாலர் 39.50 என்றால், நாலரை லட்சம் ரூபாய் போய்விட்டது என்று அர்த்தம். நூற்றுக்குப் பத்துக்கு மேல். அவ்வளவு லாபமே பல ஆர்டர்களில் நிற்பதில்லை.

இதற்கு நேரான மருந்து ஃபார்வர்டு. மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றே ஒரு விலைக்கு வங்கியிடம் விற்று வைப்பது. டாலர் இறங்கினால் தப்பித்தோம். ஏறினால் அந்த லாபம் நமக்கு இல்லை. ஆனால் அந்த வருடம் வங்கிகள் வேறொன்றையும் கொண்டுவந்தன. டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், டாலருக்கும் யென்னுக்கும் இடையிலான விலையை வைத்துக் கட்டிய ஆப்ஷன்கள். "கைக்காசு எதுவும் வேண்டாம், செலவே கிடையாது" என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. பிராங்கில் வரவும் செலவும் இல்லாத திருப்பூர், கோயம்புத்தூர் கம்பெனிகள் பலவும் அவற்றில் இறங்கின.

நோட்டை எடுத்துக்கொள். நானே கற்பித்துச் சொல்லும் ஒப்பந்தம் இது, உண்மையானவை இதைவிடச் சிக்கலானவை. கம்பெனிக்கு வங்கி இன்றே 10,000 டாலர் தரும். டாலரின் விலை 1.10 பிராங்குக்குக் கீழே போகாதவரை வேறு பேச்சில்லை. போய்விட்டால், கம்பெனி பத்து லட்சம் டாலரை, ஒன்றுக்கு 1.25 பிராங்க் கொடுத்து வாங்கியே ஆகவேண்டும். 2008 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கியது. ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். டாலர் ஒன்றுக்குக் கால் பிராங்க் நஷ்டம். பத்து லட்சத்துக்கு இரண்டரை லட்சம் பிராங்க், அதாவது இரண்டரை லட்சம் டாலர். அன்றைய 40 ரூபாய்க் கணக்கில் ஒரு கோடி. முதலில் கைக்கு வந்தது நான்கு லட்சம்.

இந்தக் கணக்கில் கம்பெனி செய்தது என்ன என்று யோசி. பாதுகாப்பை அது வாங்கவில்லை, விற்றிருக்கிறது. ஆப்ஷனை வாங்குகிறவன் முன்னாலேயே காசு கட்டுவான், அவனுடைய நஷ்டம் அந்தக் காசோடு நின்றுவிடும். விற்கிறவனுக்குக் காசு முன்னால் வரும், நஷ்டத்துக்கு எல்லை இருக்காது. இன்சூரன்ஸ் எடுக்கப் போனவர் இன்சூரன்ஸ் கம்பெனியாகவே ஆகித் திரும்பியிருக்கிறார். "செலவே கிடையாது" என்ற இடத்தில்தான் அது நடந்தது: ஒன்றை வாங்கும் காசுக்கு ஈடாக இன்னொன்றை அவர் கையாலேயே விற்க வைத்திருந்தார்கள். போர்டில் உன் ஆசிரியர் வரையும் அந்தக் கோட்டுப்படம் இதைத்தான் காட்டுகிறது. கோடு எந்த இடத்தில் கீழ்நோக்கித் திரும்புகிறது, திரும்பிய பின் எங்கேயாவது நிற்கிறதா என்று மட்டும் அன்றைக்கு ஒருவர் வரைந்து பார்த்திருந்தால் பல கையெழுத்துகள் விழுந்திருக்காது.

வழக்குகள் வந்தன. கோயம்புத்தூர் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் ஆக்ஸிஸ் வங்கி மீது தொடுத்த வழக்கில், 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு சொன்னது. இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம், ஆகவே செல்லாது என்ற வாதத்தை நீதிபதி வெ. ராமசுப்பிரமணியன் ஏற்கவில்லை. அந்த உத்தரவைத் தேடிப் படி. ஃபார்வர்டு, ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ் என்றால் என்ன என்பதை அடியிலிருந்து விளக்கிச் செல்வதால், பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தைவிட அது உனக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் சில லட்சங்கள்தான். நஷ்டப்பட்டவர்களுக்கு அது எந்த ஆறுதலும் இல்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இவ்வளவுக்கும் கையிலேயே ஒரு வழி இருந்தது. பேக்கிங் கிரெடிட் உனக்குத் தெரியும்: ஆர்டரைக் காட்டி, ஷிப்மெண்டுக்கு முன்னால் நூலுக்கும் கூலிக்கும் வங்கியில் வாங்கும் கடன். 1993-லிருந்து அதை டாலரிலேயே வாங்கலாம். டாலரில் கடன் வாங்கி இன்றைய விலைக்கு ரூபாயாக மாற்றி நூல்காரருக்குக் கொடுத்துவிட்டால், பையர் அனுப்பும் டாலர் நேராகக் கடனில் கழிந்துவிடும். அந்த அளவுக்கு டாலர் இறங்கினாலும் ஏறினாலும் உனக்கு ஒன்றுமில்லை. பையர் ஆர்டரை ரத்து செய்தால் மட்டும் டாலர் கடன் தலையில் நிற்கும், அதைத் தனியாக எண்ணிப் பார்க்கவேண்டும். ஹெட்ஜிங் என்று நீ படிப்பது இதுதான். நம் வகுப்புகளில் வங்கிப் பாடம் ஒரு தாளிலும், அன்னியச் செலாவணி இன்னொரு தாளிலும், டெரிவேட்டிவ் மூன்றாவது தாளிலும் கிடக்கின்றன. ஒரே பனியன் கம்பெனியின் ஒரே ஆர்டரை எடுத்து மூன்றையும் அதன்மேல் வைத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று நான் பாடத்திட்டக் கூட்டங்களில் எப்போதும் வாதாடி வந்திருக்கிறேன்.

அதே 2008, 2009-இல் நம்மூரில் இன்னொன்றும் நடந்தது. பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம், அன்னியச் செலாவணி வியாபாரத்தில் போட்டுப் பெருக்கித் தருவதாகச் சொல்லி மக்களின் சேமிப்பை வாங்கியது. ஏறக்குறைய 930 கோடி ரூபாய் என்பது வழக்கின் கணக்கு. 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர் சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. இங்கே வரைய வேண்டிய படம் இன்னும் எளிது. எனக்கு வரப்போகும் வட்டி யாருடைய பையிலிருந்து வருகிறது? வியாபாரத்திலிருந்தா, எனக்குப் பின்னால் பணம் போட்டவரிடமிருந்தா? முதலீட்டுப் பாடத்தில் எந்தச் சூத்திரத்துக்கும் முன்னால் இந்தக் கேள்வியை வைக்கவேண்டும்.

கடைசியாக, உன் செமினாருக்கு ஒன்று. அபிஜித் பானர்ஜி 2019-இல் நோபல் பரிசு வாங்கினார் என்று தெரியும். அவரும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பற்றியே எழுதிய ஆய்வுக் கட்டுரை 2004-இல் வெளிவந்தது. உள்ளூர்க் கவுண்டர்கள் தொடங்கிய கம்பெனிகளையும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய கம்பெனிகளையும் அதில் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கூடுதல் முதலோடு தொடங்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலோடு தொடங்கி, வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்திவிடுகிறார்கள். திறமை ஒரு பக்கம் இருக்க, பணம் உறவுக்குள்ளேயே சுற்றுகிறது என்பது அவர்கள் முடிவு. நாம் பெருமையாகச் சொல்லும் சொந்தபந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு: யாருக்குக் கொடுத்தால் அதிகம் விளையுமோ அவருக்குப் பணம் போய்ச் சேருவதில்லை. நம் வீட்டிலும் கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் நடந்தது என்பதால் அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது, ஆனால் வாதம் சரியானது.

அதற்குப் பிறகு ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, பில்லை இணையத்தில் ஏலம்விட்டுப் பணமாக்கும் டிரெட்ஸ் தளங்களும் வந்துவிட்டன. சொந்தக்காரர் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்காரருக்கு இப்போதாவது வங்கிக் கடன் சுலபமாகக் கிடைக்கிறதா? காங்கேயம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் இருக்கிற யூனிட்களில் நீயே போய்க் கேட்கலாம். கேள்விப் பட்டியல் தயார் செய்ததும் எனக்கு அனுப்பு. வட்டி எவ்வளவு என்பதோடு, முதல் கடன் யாருடைய சிபாரிசில் கிடைத்தது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா