ஊறும் உணர்வும்

நுழையும்முன்

கண், செவி, மூக்கு, நாக்கு ஆகிய பொறிகளுக்கு உடலில் தனித்தனி இடங்கள் உண்டு. தொடுவுணர்வுக்கோ உடல் முழுவதுமே இடம். ஆதலின் அப்பொறியை ‘மெய்’ என்றே தமிழர் வழங்கினர். மெய்யைப் போர்த்தியுள்ள தோலின் அமைப்பையும், அது உணர்விழக்கும்போது நேரும் கேட்டையும், அக்கேட்டினின்று மனிதரை மீட்ட வடதமிழக மருத்துவப் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல்வழி நடந்த கால்கள்

சவ்வாது மலையின் அடிவாரப் பகுதியில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். அதனருகே உயர்ந்து நிற்கும் பருவதமலையே மலைபடுகடாம் கூறும் நவிரமலை என்பர். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் இயற்றிய அந்நூல், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டுகிறது. கற்கள் உறுத்த நடந்து மெலிந்த விறலியரின் பாதங்களுக்கு, இளைத்த நாயின் நாக்கு அதில் உவமையாகிறது. கல்லின் கூர்மையைப் பாதம் உணர்ந்தது. உணர்ந்ததனால் அடுத்த அடி தயங்கி விழுந்தது. அத்தயக்கமே பாதத்தைக் காத்தது. அவ்வுணர்வு எங்கிருந்து எழுகிறது என்பதை அறியத் தோலின் உள்ளமைப்பைக் காண வேண்டும்.

மூவடுக்குப் போர்வை

மனித உடலின் மிகப்பெரிய உறுப்பு தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பு இருக்கும். மேல்தோல், உள்தோல், தோலடித் திசு என அது மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளது.

மேல்தோலில் குருதிக் குழாய்கள் இல்லை. அதன் அடித்தளத்தில் செல்கள் ஓயாது பிரிகின்றன. புதிதாகத் தோன்றிய செல், கெராட்டின் என்னும் உறுதியான புரதத்தைத் தன்னுள் நிரப்பிக்கொண்டு மேல்நோக்கி நகர்கிறது. மேற்பரப்பை அடையும்போது அது உயிரற்ற செதிலாகி, இறுதியில் உதிர்கிறது. இப்பயணத்துக்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இச்செதில் அடுக்கு மிகத் தடித்திருக்கிறது. ‘தெளிவடுக்கு’ எனப்படும் கூடுதல் படலமும் அங்கு உண்டு. வெறுங்காலுடன் நடப்போரின் பாதங்களில் உராய்வினால் தோல் மேலும் தடித்துக் காய்த்துப்போகும்.

மேல்தோலில் வேறு செல்களும் உள்ளன. மெலனோசைட்டுகள் மெலனின் என்னும் நிறமியை ஆக்கிப் புறஊதாக் கதிரைத் தடுக்கின்றன. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. லாங்கர்ஹான்ஸ் செல்கள் நோய்க்கிருமிகளை இனங்கண்டு எச்சரிக்கின்றன. மெர்க்கல் செல்கள் தொடுதலை நரம்புக்கு உணர்த்துகின்றன.

உள்தோலில் குருதிக் குழாய்கள், வியர்வைச் சுரப்பிகள், எண்ணெய்ச் சுரப்பிகள், மயிர்க்கால்கள், நரம்பு முனைகள் ஆகியன நிறைந்துள்ளன. மெல்லிய தீண்டலை மெய்ஸ்னர் உறுப்புகளும், அழுத்தத்தையும் அதிர்வையும் பசினியன் உறுப்புகளும் அறிகின்றன. கிளைத்து மேல்தோல்வரை பரவியுள்ள வெற்று நரம்பு முனைகளே நோவை அறிவிக்கின்றன. இவற்றின் கீழுள்ள தோலடித் திசு, கொழுப்பைச் சேமித்து வெப்பத்தைக் காத்து, அடியின் வேகத்தைத் தாங்குகிறது.

மயிரின் வாழ்வு

வெளியே தெரியும் மயிரிழை உயிரற்றது. அதற்கு உயிர், தோலுள் புதைந்த குமிழில் உள்ளது. அங்கு செல்கள் பிரிந்து, கெராட்டின் நிறைந்து, இழையாக மேலெழுகின்றன. தலைமயிர் திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். குமிழிலுள்ள நிறமிச் செல்கள் குன்றும்போது நரை தோன்றுகிறது. மயிர்க்காலுடன் இணைந்த சிறுதசை சுருங்கும்போது மயிர் குத்திட்டு நிற்கும். குளிரிலும் அச்சத்திலும் மெய் சிலிர்ப்பது இதனால்தான்.

தெரிந்து தெளிவோம்

கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்னும் வழக்கைத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பொருளையும் வியர்வையையும் நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது மணம் பிறக்கிறது என்பது இன்றைய அறிவியல் தரும் விளக்கம்.

நோவு நீங்கிய தோல்

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அக்கிருமி தோலையும் புற நரம்புகளையும் தாக்குகிறது. தோலில் நிறம் குன்றிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் தோன்றுவது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. நோய் முற்றினால் விரல்கள் மடங்கும், குறுகும். நோயாளியின் தசை தானே அழுகி உதிர்கிறது என்றே நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கை அவர்களை வீட்டினின்றும் ஊரினின்றும் விலக்கியது.

அதனை மறுத்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். நோயாளிகளின் கைகால்களை உற்றுநோக்கிய அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. விரல்கள் அழுகவில்லை, காயப்பட்டன. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை விலகவில்லை; முள் தைத்த கால் நிற்கவில்லை. காயத்தை அறிவிக்கும் நோவு இல்லாமையால் காயம் வளர்ந்தது. புண்ணைக் காத்து ஓய்வளித்தபோது, மற்றவர் புண் போலவே அதுவும் ஆறியது.

‘ஊறு’ என்னும் சொல் தொடுவுணர்வையும் குறிக்கும்; காயத்தையும் குறிக்கும். முதற்பொருளில் ஊறு அற்றுப்போன உடல், இரண்டாம் பொருளில் ஊறுபடுகிறது.

மீண்ட கைகள்

மடங்கிய விரல்களை மீட்கவும் பிராண்ட் வழி கண்டார். நோய் தாக்காத தசையின் தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி, செயலிழந்த தசையின் பணியை அதனைக் கொண்டு செய்வித்தார். முடங்கிய கைகள் மீண்டும் உழைக்கத் தொடங்கின. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கப்பெற்ற தொழுநோய் ஆய்வு மருத்துவமனை இப்பணியை வளர்த்தது. உணர்விழந்த பாதங்களின் அழுத்தத்தைப் பரவச்செய்யும் மென்மையான ரப்பர் காலணிகளும் அங்கு உருவாயின. பின்னாளில் அமெரிக்காவில், நோவுக்கு மாற்றாக எச்சரிக்கும் கருவியை ஆக்க முயன்ற பிராண்ட், அது இயலாதென உணர்ந்து கைவிட்டார். தோலில் இயல்பாக அமைந்த அவ்வுணர்வுக்கு ஈடான கருவியை அவரால் ஆக்க இயலவில்லை.

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகளும் 2019இல் நீக்கப்பட்டன. சட்டம் நீக்கிய விலக்கத்தைச் சமூகமும் நீக்க வேண்டும். உணர்ச்சியற்ற ஒரு தேமலை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டும் துணிவு, அத்தகைய சமூகத்தில்தான் பிறக்கும்.

கற்பவை கற்றபின்

1. ‘ஊறு’ என்னும் சொல்லின் இரு பொருள்களையும் அமைத்துத் தனித்தனித் தொடர்கள் எழுதுக.
2. மேல்தோலின் செல் ஒன்று தோன்றி உதிரும்வரை அடையும் மாற்றங்களை வரிசைப்படுத்துக.
3. ‘நோவு உடலின் காவல்’ – பால் பிராண்டின் ஆய்வைக் கொண்டு நிறுவுக.
4. தொழுநோய் குறித்து உங்கள் பகுதியில் நிலவும் தவறான கருத்துகளைத் தொகுத்து, அவற்றுக்கு மறுப்புரை எழுதி வகுப்பில் படிக்க.